காலில் பிறந்த சொல்: ‘ஸ்பர்ன்’ பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘ஸ்பர்ன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என் கையடக்க அகராதி ‘நிராகரி’ என்று ஒரே சொல்லில் பொருள் தருகிறது. ‘ரிஜெக்ட்’டுக்கும் அதையேதான் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒன்றல்ல. ‘ரிஜெக்ட்’டில் தள்ளுவது மட்டும் இருக்கிறது. ‘ஸ்பர்ன்’னில் தள்ளுவதோடு இளக்காரமும் சேர்ந்திருக்கிறது.

ஆலையில் அளவு பிசகிய போல்ட்டை ஆய்வாளர் எடுத்துத் தனியே போடுகிறார். அது ‘ரிஜெக்ட்’. போல்ட்டின் மேல் அவருக்குக் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. பகையாளி வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனவரை, உட்காரக்கூடச் சொல்லாமல், ‘உன் சமாதானம் யாருக்கு வேண்டும்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அது ‘ஸ்பர்ன்’.

இந்தச் சொல் பொருந்த வேண்டுமானால் மூன்று விஷயம் கூடிவர வேண்டும். முதலில் ஒருவர் எதையாவது நீட்ட வேண்டும்: அன்பு, உதவி, பதவி, பணம், சமரசம், அறிவுரை, எதுவானாலும் சரி. அடுத்து, எதிரில் இருப்பவர் அதை வேண்டாம் என்று தள்ள வேண்டும். மூன்றாவதாக, ‘இது எனக்குத் தகுதியானதல்ல’ என்ற எண்ணம் அந்தத் தள்ளலில் வெளியே தெரிய வேண்டும். மரியாதையோடு மறுத்தால் அது ‘டிக்ளைன்’. செய்ய மாட்டேன் என்றால் ‘ரெஃப்யூஸ்’. இளக்காரம் மனசுக்குள்ளேயே இருந்து, எதையும் தள்ளவில்லை என்றால் அது வெறும் ‘ஸ்கார்ன்’.

நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது: ‘வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைக்கலாமா?’ நீட்டப்பட்டது, தள்ளப்பட்டது, இளக்காரம் என்று மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன. கூடவே கால் வேறு வருகிறது. ஆங்கிலச் சொல்லின் வேரும் அந்தக் கால்தான். அடுத்த கேள்வி அங்கேதான் போகிறது.

இலக்கணத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ஸ்பர்ன்’னுக்குப் பிறகு செயப்படுபொருள் நேராக வர வேண்டும்: ‘ஷி ஸ்பர்ன்டு தி ஆஃபர்’. ‘ஷி ஸ்பர்ன்டு டு கோ’ என்று ‘டு’ போட்டு இன்னொரு வினையை ஒட்டினால் இன்றைய ஆங்கிலத்தில் அது பிழை. ‘போக மறுத்தாள்’ என்பதற்கு ‘ரெஃப்யூஸ்டு டு கோ’தான். இதை விட்டு அதை எடுத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஸ்பர்ன்டு எ ஃபார் பி’ என்று ‘ஃபார்’ வரலாம். காதலை மறுக்கப்பட்டவரை ‘ஸ்பர்ன்டு லவர்’ என்று பெயரடையாகவும் சொல்வார்கள். செய்தித்தாள்களில் நீங்கள் மிகுதியாகப் பார்ப்பது இந்தச் சேர்க்கையாகத்தான் இருக்கும்.

கேள்வி: இந்தச் சொல் லத்தீனின் ‘ஸ்பெர்னெரே’ என்பதிலிருந்து வந்தது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அதற்கும் ‘இகழ்தல்’ என்றே பொருளாம். சரியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: லத்தீன் சொல்லின் பொருளை உங்கள் மகள் சரியாகவே சொல்லியிருக்கிறார். உறவு முறைதான் கொஞ்சம் மாறிவிட்டது. ‘ஸ்பர்ன்’ லத்தீனிலிருந்து கடன் வாங்கியது அல்ல. இரண்டும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள், ஆனால் வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை.

ஆங்கிலத்தின் முதல் பருவத்திலேயே, அதாவது நார்மன் படையெடுப்பு நடந்த 1066-க்கு முன்பே, ‘ஸ்புர்னன்’ என்ற வினை இருந்தது. காலால் உதைப்பது, கால் எதிலாவது மோதுவது, இகழ்ந்து ஒதுக்குவது என்ற பொருள்கள் அன்றே அதற்கு இருந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில் மத்தேயு 4:6 வசனத்தில் இந்த வினை முன்னொட்டோடு வருகிறது. நம் தமிழ் விவிலியத்தில் அதே இடம் ‘உமது பாதம் கல்லில் இடறாதபடிக்கு’ என்று இருக்கிறது. அந்த ‘இடறு’தான் பழைய ‘ஸ்பர்ன்’. அங்கே ஏளனம் துளியும் இல்லை. கல்லும் காலும் மட்டுமே.

கடன் அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஒலியை வைத்துத்தான். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் சொல்லின் தொடக்கத்தில் பகரம் இருந்தால் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில் அது ஃபகரமாகிவிடும். ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் முறைப்படுத்திக் காட்டிய விதி இது. லத்தீன் ‘பாட்டெர்’, நம் காதில் விழும் ‘பிதா’, ஆங்கில ‘ஃபாதர்’. லத்தீன் ‘பேஸ்’, சமஸ்கிருத ‘பாத’, ஆங்கில ‘ஃபுட்’. லத்தீன் ‘பிஸ்கிஸ்’, ஆங்கில ‘ஃபிஷ்’.

அப்படியானால் ‘ஸ்பெர்னெரே’ ஆங்கிலத்தில் ‘ஸ்ஃபர்ன்’ என்றல்லவா ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். விதிக்கு ஒரு விலக்கு உண்டு. முன்னால் ஸகரம் நின்றால் பகரம் அசையாது, தகரமும் அசையாது. லத்தீன் ‘ஸ்டெல்லா’, ஆங்கில ‘ஸ்டார்’. லத்தீன் ‘ஸ்புவெரே’ என்றால் துப்புதல். அதன் ஆங்கில உறவு ‘ஸ்பியூ’. அந்த வரிசையில்தான் ‘ஸ்பெர்னெரே’, ‘ஸ்பர்ன்’ ஜோடியும் நிற்கிறது.

இன்னொரு தடயம் கடைசி னகரம். லத்தீனில் இந்த வினையின் நிகழ்காலம் ‘ஸ்பெர்னோ’. இறந்தகாலம் ‘ஸ்ப்ரேவி’. இறந்தகாலத்தில் னகரத்தைக் காணோம். அது வேரின் பகுதி அல்ல, நிகழ்காலத்துக்காகச் சேர்ந்த ஒட்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. ‘ஸ்பர்ன்’னில் னகரம் இருக்கிறது, அதன் உடன்பிறப்பான ‘ஸ்பர்’ரில், அதாவது குதிரைவீரன் குதிகாலில் மாட்டும் குதிமுள்ளில், அது இல்லை. ஒட்டு ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் இரு மொழியிலும் இப்படி எதிரொலிக்கிறபோது ஒரே வேர் என்று துணிந்து சொல்லலாம். கடன் வாங்கிய சொல்லாக இருந்தால், கடன் கொடுத்த மொழியில் எந்த வடிவம் புழங்கியதோ அதுதான் வந்து இறங்கியிருக்கும். ‘ஸ்பர்’ போல ஒட்டில்லாத உறவுச் சொற்கள் இங்கே தாமாக முளைத்திருக்காது.

குடும்பம் பெரியது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் உதைக்கும் வினை ஒன்று. ஸ்வீடிஷில் ‘ஸ்பியர்னா’, காலை ஊன்றி எதிர்த்து நிற்பது. ஜெர்மனில் ‘ஷ்போர்ன்’ என்றால் குதிமுள், ‘ஷ்பூர்’ என்றால் தடம். டச்சில் ‘ஸ்போர்’ என்றாலும் தடம்தான். அது தென்னாப்பிரிக்கா போய், ஆப்பிரிக்கான்ஸ் வழியாக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘ஸ்பூர்’ என்று நுழைந்தது. காட்டில் விலங்கின் கால்தடத்துக்கு இன்று ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். லித்துவேனிய மொழியில் ‘ஸ்பிர்த்தி’ குதிரை உதைப்பதைக் குறிக்கும்.

இவற்றில் உதையை முற்றிலும் மறந்த மொழி லத்தீன்தான். இகழ்ச்சியும் ஒதுக்கலும் மட்டும் அங்கே தங்கின. ரோமக் கவிஞர் வெர்ஜில் தன் ‘ஈனியட்’ காவியத்தின் முதல் புத்தகத்தில் ஜூனோ தேவியின் தீராத கோபத்துக்குக் காரணம் சொல்கிறார்: டிராய் இளவரசன் பாரிஸ் அவள் அழகை மதிக்காமல் ஒதுக்கிவிட்டான். அந்த ‘மதிக்காமல் ஒதுக்கப்பட்ட அழகு’ என்பதற்கு அவர் இந்த வினையைத்தான் எடுத்தாள்கிறார்.

கேள்வி: அப்படியென்றால் சமஸ்கிருதத்திலும் இந்த வேர் இருக்குமே? தமிழில் நாம் சொல்லும் ‘ஸ்புரிதம்’, ‘ஸ்புரணம்’ இவற்றோடு தொடர்பு உண்டா?
– இசை ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உண்டு. நல்ல காது உங்களுக்கு.

சமஸ்கிருதத்தில் ‘ஸ்புரதி’ என்றால் உதைக்கிறது, துள்ளுகிறது, துடிக்கிறது, பளிச்சிடுகிறது என்றெல்லாம் பொருள். மிகப் பழைய சான்று ஒன்று ரிக் வேதம் முதல் மண்டலம் 84-ஆம் சூக்தத்தின் எட்டாவது மந்திரத்தில் இருக்கிறது. காணிக்கை தராத கஞ்சனை இந்திரன், காளானை எட்டி உதைப்பதுபோல் எப்போது காலால் உதைப்பான் என்று அந்தப் பாட்டு கேட்கிறது. அங்கே வரும் வினை இதுவே. ‘காலால்’ என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. காளானை உதைப்பதற்குப் பலம் வேண்டாம். துச்சம் என்ற நினைப்புத்தான் அந்த உவமையின் உயிர். ஆங்கிலச் சொல்லில் உதையும் இகழ்ச்சியும் பின்னிக்கிடப்பது போலவே அங்கும் பின்னிக்கிடக்கிறது.

பிற்காலத்தில் சமஸ்கிருதம் துடிப்பின் பக்கம் சாய்ந்தது. கண் துடிப்பது, மனதில் ஒன்று பளிச்சென்று தோன்றுவது ஆகியவை ‘ஸ்புரணம்’. நீங்கள் ஜண்டை வரிசை சொல்லிக்கொடுக்கும்போது ‘ஸஸ ரிரி கக மம’ என்பதில் ஒவ்வொரு ஜோடியின் இரண்டாம் ஸ்வரத்துக்கும் கீழ் ஸ்வரத்தைத் தொட்டு ஓர் உந்தல் கொடுக்கச் சொல்வீர்கள். அந்த உந்தலின் பெயர் ஸ்புரிதம். வேர்ப்பொருளில் அது ஒரு சின்ன உதை, ஒரு துள்ளல். இகழ்ச்சி அங்கே வரவே இல்லை.

இதை வைத்து ஆங்கிலச் சொல் இந்தியாவிலிருந்து போனது என்றோ, இங்குள்ளது அங்கிருந்து வந்தது என்றோ யாரும் முடிவு கட்டக்கூடாது. இரண்டுக்கும் முந்திய ஒரு மொழியில் இருந்த வேர் இது. அந்த மொழிக்கு எழுத்து இல்லை. அதனால்தான் சொற்பிறப்பு அகராதிகளில் அந்த வேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். நட்சத்திரம் இருந்தால், அந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலோ ஏட்டிலோ கிடைத்தது அல்ல, மகள் மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று பொருள். அதே அகராதியில் ‘ஃப்ரம்’ என்று இருந்தால் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. ‘காக்னேட்’ அல்லது ‘அகின்’ என்று இருந்தால் உறவு மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘ஆங்கிலம் அதிலிருந்து வந்தது, இதிலிருந்து வந்தது’ என்ற கட்டுரைகள் பெருகுகின்றன. ஒற்றைச் சொல்லின் சாயலை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதே ஒலிமாற்றம் வேறு பல சொற்களிலும் அதே ஒழுங்கில் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அந்த ஒற்றுமை தற்செயல்.

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இந்தச் சொல் உதைப்பதையே குறிக்கிறதா, அல்லது இகழ்வதையா? மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?
– ஆங்கில விரிவுரையாளர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் கிடைக்கும். எங்கே எது என்று சூழல் சொல்லிவிடும்.

ஐயத்துக்கு இடமே இல்லாத உதை ‘தி காமெடி ஆஃப் எரர்ஸ்’ இரண்டாம் அங்கம் முதல் காட்சியில் இருக்கிறது. எஜமானியிடமும் எஜமானிடமும் மாறி மாறி அடிபடும் வேலைக்காரன் டிரோமியோ, ‘என்னைக் கால்பந்து மாதிரி இப்படி உதைக்கிறீர்களே’ என்கிறான். நீங்கள் இங்கிருந்து அங்கே உதைக்கிறீர்கள், அவர் அங்கிருந்து இங்கே உதைப்பார், இந்த வேலையில் நான் நீடிக்க வேண்டுமானால் என்னைத் தோலால் மூடித் தைத்துவிடுங்கள் என்று கேட்கிறான். மூன்று இடத்திலும் வினை ‘ஸ்பர்ன்’. கால்பந்தும் தோலும் சேர்ந்து வருவதால் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அமையாது.

‘தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ முதல் அங்கம் மூன்றாம் காட்சி இன்னும் ஆழமானது. கடன் கேட்டு வந்த அன்டோனியோவிடம் ஷைலாக் பழையதையெல்லாம் எடுத்துப் போடுகிறான். வாசலுக்கு வந்த அந்நிய நாயை வாசற்படிக்கு வெளியே உதைத்துத் தள்ளுவதுபோல் என்னை உதைத்தாய் என்கிறான். அங்கே ‘ஃபுட்’ என்பதையும் வினையாக்கி ‘ஸ்பர்ன்’னோடு சேர்க்கிறார் ஷேக்ஸ்பியர். சில வரிகள் தள்ளி ‘இன்ன நாளில் என்னை ஸ்பர்ன் செய்தாய்’ என்று மறுபடியும் வருகிறது. அங்கே உதையையும் அவமதிப்பையும் பிரிக்கவே முடியாது. தேர்வில் ‘இகழ்ந்தாய்’ என்று மட்டும் எழுதும் மாணவர் வாசற்படியையும் நாயையும் விட்டுவிட்டார் என்றே சொல்வோம்.

‘ஹாம்லெட்’ மூன்றாம் அங்கத்தின் புகழ்பெற்ற தனிமொழியில் இது பெயர்ச்சொல்லாகப் பன்மையில் வருகிறது. தகுதியுள்ளவர்கள் பொறுமையோடு இருக்க, தகுதியற்றவர்கள் அவர்களுக்குத் தரும் அவமதிப்புகள் என்பது கருத்து. இங்கே கால் மறைந்து இகழ்ச்சி மட்டும் மேலே நிற்கிறது. ஆனாலும் ‘உதைகள்’ என்று மொழிபெயர்த்தாலும் தப்பில்லை. வாழ்க்கையில் உதைபட்டவன் என்று நாமே சொல்கிறோமே.

உடல் சார்ந்த பொருள் அதன் பிறகு மெல்ல மங்கியது. 19-ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் குதிரையின் குளம்பு நிலத்தை ‘ஸ்பர்ன்’ செய்வதாக வரும். பாய்ச்சலில் நிலத்தைப் பின்னுக்கு உதைத்துவிட்டுப் போகிறது என்று அங்கே படிக்க வேண்டும். இன்று பேச்சில் யாரும் பந்தையோ கதவையோ ‘ஸ்பர்ன்’ செய்வதில்லை. அதற்கு ‘கிக்’ வந்து உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் ‘ஸ்பர்ன்டு ஆன் பை சக்சஸ்’ என்று படித்தேன். சரியான ஆங்கிலமா?
– மெய்ப்பு திருத்துநர், சென்னை

பதில்: பிழை. ‘ஸ்பர்டு ஆன்’ என்று இருக்க வேண்டும். வெற்றி ஊக்கியது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது.

இரண்டும் ஒரே வேர் என்பதால் இந்தப் பிழை ஆங்கிலேயர் எழுத்திலும் நுழைந்துவிடுகிறது. ஆனால் பொருள் நேரெதிர். குதிமுள்ளால் குத்தினால் குதிரை முன்னே பாயும். காலால் உதைத்தால் எதிரே நிற்பவர் விலகிப் போவார். ‘ஸ்பர்’ அருகில் வைத்துக்கொண்டு முன்னே தூண்டுவது, ‘ஸ்பர்ன்’ அப்பால் தள்ளுவது. மெய்ப்புப் பார்க்கும்போது பக்கத்தில் ‘ஆன்’ இருந்தால் உள்ளே னகரம் இருக்கக்கூடாது என்று நினைவில் வையுங்கள். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். சேவலின் காலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்பர்’ என்றே பெயர்.

‘ஷன்’ என்ற சொல்லோடும் இதைக் குழப்புகிறார்கள். ‘ஷன்’ என்றால் பக்கத்தில் போகாமலேயே தொடர்ந்து ஒதுங்கியிருப்பது. நீட்டிய கையைத் தட்டிவிடுவது அதில் இல்லை.

கேள்வி: கால்பந்து செய்திகளில் ‘ஸ்பர்ன் சான்ஸஸ்’ என்று போடுகிறார்களே, கோல் அடிக்கும் வாய்ப்பை யாராவது இகழ்ந்து தள்ளுவார்களா?
– பள்ளி மாணவர், ஈரோடு

பதில்: தள்ள மாட்டார்கள். பிரிட்டிஷ் விளையாட்டுப் பக்கங்களுக்கென்று உள்ள தனி வழக்கு இது. அங்கே ‘வாய்ப்பை வீணடித்தனர்’ என்பது மட்டுமே பொருள். தலைப்பில் இடம் குறைவு. ஐந்தெழுத்துச் சொல் கைக்கு அடக்கமாக இருக்கிறது. தமிழில் ‘வாய்ப்பைக் கோட்டை விட்டனர்’ என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும். ‘இகழ்ந்தனர்’, ‘நிராகரித்தனர்’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் திகைப்பார்.

கேள்வி: ‘ஸ்னப்’, ‘ரிபஃப்’, ‘கோல்ட் ஷோல்டர்’ எல்லாம் ஒரே வகையா? கோல்ட் ஷோல்டர் என்பது வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தொடைக்கறி போடுவதிலிருந்து வந்தது என்று படித்தேன்.
– வாசகி, கொழும்பு

பதில்: கறிக் கதையை முதலில் தள்ளிவிடுவோம். முதலாவதாக, ‘ஷோல்டர்’ தொடை அல்ல, தோள்பட்டை. இரண்டாவதாக, கதைக்குச் சான்று இல்லை. இந்தத் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வால்டர் ஸ்காட். 1816-இல் வெளியான ‘தி ஆன்டிகுவரி’ நாவலில் ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கில் அதை எழுதுகிறார். அங்கே ஒரு சீமாட்டி தன் வெறுப்பைத் தோளைக் ‘காட்டி’த் தெரிவிக்கிறாள். தோளைக் காட்டுவது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. பரிமாறுவதோ தட்டோ அங்கே இல்லை. தமிழிலும் ‘புறக்கணி’ என்பதில் ‘புறம்’ நிற்கிறது, புறம் என்றால் முதுகும்தான். உடம்பைத் திருப்பிக்கொள்வது எந்த ஊரிலும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. அதற்கு ஆட்டைத் தேடிப் போக வேண்டாம்.

‘ஸ்னப்’ பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்னுப்பா’விலிருந்து வந்தது, அதற்குத் திட்டுவது, கண்டிப்பது என்று பொருள். வெடுக்கென்று குறுக்கே வெட்டுவது அந்தச் சொல்லின் உள்ளோட்டம். படகு ஓடும்போது கயிற்றைத் துறையில் நட்ட கட்டையில் சுற்றி இழுத்து நிறுத்துவதையும் ‘ஸ்னப்’ என்பார்கள். சப்பை மூக்கு ‘ஸ்னப் நோஸ்’. வெட்டிக் குட்டையாக்கியதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். இன்று இந்தச் சொல் ஆளைக் குறிவைக்கிறது: கண்ணெதிரே வந்தவருக்கு முகம் கொடுக்காமல் போவது, எல்லோரையும் அழைத்துவிட்டு ஒருவரை மட்டும் விடுவது, எதிர்பார்த்தவருக்கு விருது தராமல் விடுவது. நீட்டியதைத் தள்ளுவது ‘ஸ்பர்ன்’. ஆளையே இல்லாததுபோல் நடத்துவது ‘ஸ்னப்’.

தமிழ்நாட்டில் ‘நோஸ்கட்’ என்று சொல்கிறோம். அது நம் ‘மூக்கறுபடுவது’, ‘மூக்குடைபடுவது’ என்பதன் ஆங்கிலச் சட்டை. ஆங்கிலேயருக்கு அது புரியாது, மருத்துவமனைச் சமாச்சாரம் என்று நினைப்பார்கள். அவர்களிடம் பேசும்போது ‘ஸ்னப்’ அல்லது ‘புட் டவுன்’ என்று சொல்லுங்கள்.

‘ரிபஃப்’ இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அடியில் இருப்பது ‘பஃப்’, ஊதும் காற்றின் ஓசை. கிட்டே வந்தவரை ஒரு ஊது ஊதிப் பின்னே தள்ளுவது. வெடுக்கென்ற தன்மை இதில் உண்டு, இளக்காரம் கட்டாயமில்லை. அதனால்தான் ஒரு நிறுவனத்தை வாங்க இன்னொரு நிறுவனம் கேட்டு மறுக்கப்பட்டால் வணிகப் பக்கங்களில் ‘ரிபஃப்டு’ என்று எழுதுகிறார்கள்.

கேள்வி: என் வேலை விண்ணப்பத்தை மறுத்த அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘மை அப்ளிகேஷன் வாஸ் ஸ்பர்ன்டு’ என்று போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். படிப்பவர் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார். ‘என் விண்ணப்பத்தை நீங்கள் ஏளனமாகத் தூக்கி எறிந்தீர்கள்’ என்று அவருக்குக் கேட்கும். ‘ரிஜெக்டட்’ போதும். இன்னும் மென்மை வேண்டுமானால் ‘வாஸ் நாட் செலக்டட்’ அல்லது ‘வாஸ் நாட் சக்சஸ்ஃபுல்’. நீங்களே ஓர் அழைப்பை மறுக்கும்போதும் ‘டிக்ளைன்’தான், ‘ஐ ஸ்பர்ன் யுவர் இன்விடேஷன்’ என்று எழுதினால் உறவு அன்றோடு முறிந்தது. பொதுவாக ‘ஸ்பர்ன்’ பிறர் செயலைப் பற்றி எழுதும் சொல். தன்மையில் சொன்னால் நாடக வசனம்போல் ஒலிக்கும்.

கேள்வி: இங்கிலாந்து வரைபடத்தில் ‘ஸ்பர்ன்’ என்று ஓர் இடம் இருக்கிறதே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: யார்க்‌ஷயரின் கிழக்கில், ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீளும் மணல்திட்டு அது. நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனை என்ற பொருளில், ‘ஸ்பர்’ வகையைச் சேர்ந்த பெயர். இகழ்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னாளில் நான்காம் ஹென்றியான போலிங்புரோக் 1399-இல் வந்திறங்கிய ரேவன்ஸ்பர்ன் அந்தப் பகுதியில்தான் இருந்தது. அந்த ஊரைக் கடல் கொண்டுவிட்டது. 2013 டிசம்பரில் எழுந்த கடற்பெருக்கு மணல்திட்டையும் நடுவில் அறுத்துப்போட்டது.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது ‘ஸ்பர்ன்’னுக்கு எந்தத் தமிழ்ச் சொல் சரி? ‘உதாசீனம்’ போடலாமா?
– மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டால் சில இடங்களில் சறுக்கும். எங்கள் பரிந்துரை, சொல்லில் இருக்கும் அந்தக் காலைத் தமிழிலும் காப்பாற்ற முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது.

‘உதாசீனம்’ இங்கே பொருந்தாது. சமஸ்கிருதத்தில் ‘உத் ஆசீன’ என்றால் விலகி உட்கார்ந்திருப்பவர், இரு பக்கமும் சேராதவர். தமிழில் அது அக்கறையின்மை என்று ஆகிவிட்டது. உதாசீனம் செய்பவர் கவனிக்கவில்லை. ‘ஸ்பர்ன்’ செய்பவர் நன்றாகக் கவனித்துவிட்டுத்தான் தள்ளுகிறார். ‘அலட்சியம்’ என்பதற்கும் இதே குறை: லட்சியம் செய்யாமை, பொருட்படுத்தாமை என்பதோடு அது நின்றுவிடும். ‘நிராகரி’ இன்று அலுவலகச் சொல்லாகிவிட்டது. வங்கி கடனை நிராகரிக்கும், தேர்தல் அதிகாரி வேட்புமனுவை நிராகரிப்பார். சூடு இல்லை.

செய்தி நடையில் ‘சமரச யோசனையை உதறித் தள்ளியது’ என்பது நன்றாக அமையும். ‘உதறு’ கையின் செயல். துணியில் ஒட்டிய தூசியை உதறும் வேகமும் வெறுப்பும் அதில் இருக்கின்றன. கதையில், பாத்திரத்தின் குரலில் வரும்போது ‘எட்டி உதைத்தான்’, ‘காலால் தள்ளினான்’. வட்டார மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் ‘எத்தித் தள்ளினான்’ இருக்கிறது. பழைய ‘எற்று’தான் பேச்சில் ‘எத்து’ ஆனது, உதைக்கவும் செய்யும், எறியவும் செய்யும். நாம் தேடும் தமிழ்ச் சொற்களில் ‘ஸ்பர்ன்’னுக்கு மிக நெருங்கி வருவது இதுதான் என்பது எங்கள் கருத்து. காதல் சூழலில் உதையும் எற்றும் முரடாகத் தெரியும். அங்கே ‘அவன் அன்பைத் துச்சமாக ஒதுக்கினாள்’ என்று, ‘துச்சம்’ என்ற சொல்லால் இளக்காரத்தைக் காப்பாற்றலாம். ‘ஸ்பர்ன்டு லவர்’ என்பதைப் பலர் ‘காதலில் தோற்றவன்’ என்று எழுதிவிடுகிறார்கள். தோற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இவனைத் தள்ளிவிட்டார்கள், அதுவும் மதிக்காமல் தள்ளிவிட்டார்கள். ‘இகழ்ந்து ஒதுக்கப்பட்ட காதலன்’ நீளமாக இருந்தாலும் உண்மையாக இருக்கும்.

பழைய நூல்களை மொழிபெயர்க்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்தில் இந்தச் சொல்லைக் கண்டால், அருகில் பாதம், வாசற்படி, நாய், பந்து, கல், குளம்பு ஏதாவது இருக்கிறதா என்று நாலு வரி முன்னும் பின்னும் பாருங்கள். இருந்தால் அது நிஜ உதை. ‘இகழ்ந்தான்’ என்று எழுதிவிட்டால் காட்சியே காணாமல் போய்விடும்.

கேள்வி: உச்சரிப்பு?
– வாசகர், ஊர் குறிப்பிடவில்லை

பதில்: தமிழில் ‘ஸ்பர்ன்’ என்று எழுதுகிறோம். பிரிட்டிஷ் பேச்சில் ரகரம் ஒலிக்காது, உயிர் சற்று நீளும். ‘டர்ன்’, ‘பர்ன்’ என்பவற்றோடு எதுகை. அமெரிக்கர் ரகரத்தை மடக்கிச் சொல்வார்கள். முன்னால் ‘இ’ சேர்த்து ‘இஸ்பர்ன்’ என்று சொல்லாதீர்கள். பகரத்தைக் காற்றில்லாமல், ‘அப்பா’வில் வருவதுபோல் சொல்ல வேண்டும், அது நமக்கு எளிது. எழுத்துக் கூட்டல் எஸ், பி, யூ, ஆர், என். இறந்தகாலத்தில் ‘ஈடி’ சேரும், கடைசியில் டகர ஒலி மெல்லக் கேட்கும்.